ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஸ்டெல்லா ஆன்ட்டியின் குரல்

ஸ்டெல்லா ஆன்ட்டியைப் பற்றி நான் பார்த்ததையும் கேட்டதையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ஒருவர் இறந்துவிட்டால், அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் "அதிர்ந்து பேசாதவர்" என்கிறார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி அதிர்ந்துதான் பேசுவார். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. கீழ்வீட்டில் அவர் பேசினால் மாடியில் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இந்தக் கட்டுரையில் அந்தக் குரலைத் தணித்து எழுதினால் பொய்யாகிவிடும்.

ஆன்ட்டி இறந்த அன்று காலை நான் பள்ளிக்குப் போகப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் யாரோ சுவரைத் தடவிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. ஆன்ட்டியின் கணவர் சேவியர் அங்கிள். அவருக்குப் பார்வை கிடையாது. நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அவர் தனியாக மாடி ஏறி நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று என் அம்மாவிடம், "ஸ்டெல்லா பஸ் ஸ்டாப்புல வுழுந்துட்டாளாம். கூட வேலை செய்யற பொண்ணு போன் பண்ணிச்சு. யாராவது என்கூட வர்றீங்களா?" என்று கேட்டார். ஜி.எஸ்.டி. சாலையில் தொழிற்சாலைப் பேருந்துக்காக நின்றிருந்த இடத்திலேயே ஆன்ட்டிக்கு மாரடைப்பு வந்திருந்தது. அப்பாவும் அங்கிளும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாம்பரம் சானடோரியத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. தரைத்தளத்தில் அவர்கள், மேலே நாங்கள். அங்கிள் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் முழுவதும் போய்விட்டது. அதற்கு முன்பே அவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இசைத்தட்டுகளாக வாங்கிச் சேர்த்திருந்தார். சினிமாப் பாட்டு, மாதா பாட்டு, நாதஸ்வரம், எல்லாம் உண்டு. பார்வை போனபின் ஆன்ட்டி ஒவ்வொரு உறையின் மூலையிலும் நூலால் முடிச்சுகள் போட்டுக்கொடுத்தார். அங்கிள் விரலால் முடிச்சைத் தடவி எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவார்.

ஆனால் தட்டின் மேல் ஊசியை வைக்க அவரால் முடியாது. கை சற்று இழுபட்டாலும் கீறல் விழும். அதனால் ஆன்ட்டி வேலைக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் பாட்டு கிடையாது. அதற்காகத்தான் தட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவுசெய்து அங்கிளின் போனில் ஏற்ற வேண்டும் என்று ஆன்ட்டி தீர்மானித்தார். "நான் இல்லாத நேரத்துல அவரு யாரையும் கேக்காம பாட்டு கேக்கணும். அவ்ளோதான் எனக்கு" என்று என் அம்மாவிடம் சொன்னார். கேளம்பாக்கத்தில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் ஜெரால்டு அண்ணா, கம்ப்யூட்டரில் இணைக்கக்கூடிய ரெக்கார்டு பிளேயர் ஒன்றையும் தன் பழைய லேப்டாப்பையும் கொண்டுவந்து கொடுத்தார்.

லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். எப்போதும் கையில் ஏதாவது படித்துக்கொண்டிருப்பதால் ஆன்ட்டி எனக்கு வைத்த பெயர் 'புஸ்தகம்'. "வா புஸ்தகம், உள்ள ஏதாவது பக்கத்துல இது எழுதியிருக்கா பாரு" என்பார். எனக்கும் எதுவும் தெரியாது. கேபிளைச் செருகினோம், தட்டு சுற்றியது, திரையில் கோடு ஏறி இறங்கியது. பதிவாகிறது என்று மகிழ்ந்தோம். இசைத்தட்டை வேகப்படுத்த முடியாது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். ஆன்ட்டியால் அது முடியாது. பாட்டு ஓடும்போதே பூண்டு உரிப்பார், சமையலறையிலிருந்து அங்கிளைத் திட்டுவார், வாசலில் கீரைக்காரரோடு பேரம் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டு அண்ணா வந்து கேட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கேபிள் வழியாக எதுவும் பதிவாகவில்லை. லேப்டாப்பின் சொந்த மைக்குதான் அறையில் கேட்ட அத்தனையையும் பதிவுசெய்திருந்தது. ஒரு சோகப் பாட்டின் நடுவில் குக்கர் விசில் அடித்தது. ஒரு மாதா பாட்டில் கீரைக்காரர் வந்துபோனார். இன்னொரு பாட்டின் தொடக்க இசை முழுவதும், "மாத்திரை போட்டியா இல்லியா? மேச மேல தண்ணி கீது பாரு. பாருன்னா, தொட்டுப் பாரு" என்று ஆன்ட்டியின் குரல்.

ஜெரால்டு அண்ணா சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதிவுசெய்யலாம் என்றார். அங்கிள் வேண்டாம் என்றார். நான் அவ்வப்போது ஏற்றிக்கொடுத்த அவற்றை அந்த வாரம் முழுவதும் அவர் போனில் கேட்டிருந்தார். போனில் விரல் வைத்தால் அது பாட்டின் பெயரைப் படிக்கும். ஆனால் நம் பெயர்களை அது படிக்கும் விதத்தில் யாருக்கும் புரியாது. அங்கிள் ஆன்ட்டியின் குரலை வைத்துத்தான் பாட்டுகளை அடையாளம் கண்டிருக்கிறார். "இது மாத்திரைப் பாட்டு, அது கீரைப் பாட்டு. எனக்குத் தெளிவா கீது" என்றார்.

ஆன்ட்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பழைய பதிவுகள் அங்கிளின் போனில் அப்படியே இருக்கட்டும். பாட்டைச் சுத்தமாகக் கேபிள் வழியே பதிவுசெய்வோம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது என்ன பாட்டு என்று தன் குரலில் சொல்லிச் சேர்ப்போம். அதற்கு வேறு வசதிகள் இருப்பதாக ஜெரால்டு அண்ணா விளக்கினார். நல்ல தமிழில் பெயரைப் படிக்கும் செயலிகள் வந்துவிட்டனவாம்.

"படிக்கட்டும்பா. அதுக்கு உங்கப்பாவத் திட்டத் தெரியுமா?" என்றார் ஆன்ட்டி.

அப்படித்தான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. ஆன்ட்டி தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். ஒவ்வொரு தட்டையும் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, அதன் பிறகுதான் சுற்றவிடுவார். முதல் முறை கேபிள் வழியே பதிவுசெய்தபோது பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல் விடாமல் கேட்டது. ஜெரால்டு அண்ணா போனிலேயே யோசனைகள் சொன்னார். நாங்கள் கேபிளை மாற்றிப் பார்த்தோம், நாற்காலியை மாற்றிப் பார்த்தோம். அங்கிள் தலையைத் தூக்கி, "ட்யூப் லைட் எரியுதா? அதே சத்தந்தான் பாட்டுல வருது" என்றார். அணைத்தோம். இரைச்சல் போய்விட்டது. அன்றுமுதல் பதிவு என்றால் விளக்கும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. மூவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ரயில் வந்தால் ஊசி துள்ளும் என்பதால், எங்களுக்குக் கேட்பதற்கு முன்பே அங்கிள் கையை உயர்த்துவார். ரயில் போனபின் கையை இறக்குவார். ஆன்ட்டி மட்டும் இருட்டில் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "பாட்டு கேக்கறதுக்கு இம்மாம் பாடு படற குடும்பம் தாம்பரத்துல வேற இருக்காது" என்று முனகுவார்.

அவருடைய அறிவிப்புகள் சிலவற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். ஒரு காதல் பாட்டுக்கு முன்: "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்காகப் பாடுனன்னு சொல்லுவியே, அந்தப் பாட்டு. நீ பாடுனது வேற ராகம்." ஒரு நாதஸ்வரத் தட்டுக்கு முன்: "இது ரொம்ப நீளம். தூங்கிடாத, அடுப்புல பால் இருந்தாலும் இருக்கும்." ஒரு மாதா பாட்டுக்கு முன் மட்டும், "இதுல திட்ட மாட்டேன். கேளு" என்றார்.

ஒரே ஒரு தட்டில் மட்டும் அவர்களுக்குள் தீராத வழக்கு இருந்தது. சந்தையில் வாங்கும்போதே ஆன்ட்டி வேண்டாம் என்று சொன்ன தட்டு அது. வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் கீறல். ரிஜெக்ட்" என்று தனியே வைத்துவிட்டார்.

"என் கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியல" என்றார் அங்கிள்.

ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் என் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து என்ன என்று கேட்டார். ஆனாலும் அந்தத் தட்டு பதிவாகவில்லை. மற்றவை எல்லாம் முடியட்டும், கடைசியில் பார்க்கலாம் என்றார் ஆன்ட்டி. மற்றவை எல்லாம் முடிந்திருந்தன. அது மட்டும் மேசை மேல் இருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு அங்கிள் போனைத் தொடவில்லை. ஆன்ட்டி எதற்காக இவ்வளவு பாடுபட்டாரோ அது வீணாகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் இல்லாத நேரத்துக்காகச் செய்த வேலை அது. ஆனால் ஒவ்வொரு பாட்டின் வாசலிலும் அவரே நிற்கிறார். அவரைத் தாண்டி எப்படி உள்ளே போவது? அங்கிள் சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரைகளும் அட்டையில் அப்படியே இருந்தன. ஜெரால்டு அண்ணா தன்னோடு வரும்படி கெஞ்சினார். இப்போது வேண்டாம் என்றார் அங்கிள். தன் அம்மாவின் குரலை எடுத்துவிட்டு வெறும் பாட்டை மட்டும் வைத்தால் அப்பா கேட்பாரோ என்று அண்ணா என்னிடம் தனியாகக் கேட்டார். அங்கிளைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

போன வாரம் பள்ளி விட்டு வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்த அங்கிள் என் செருப்புச் சத்தத்தைக் கண்டுகொண்டார். "பாப்பா, அந்த மாத்திரைப் பாட்ட வெச்சுட்டுப் போறியா" என்றார்.

உள்ளே வந்து மேசையருகே உட்கார்ந்தார். பாட்டை வைத்தேன். போகவில்லை. "மாத்திரை போட்டியா இல்லியா? மேச மேல தண்ணி கீது பாரு" என்று ஆன்ட்டி அதட்டினார். அங்கிளின் கை தன்னையறியாமல் மேசைப் பக்கம் போனது. அங்கே தண்ணீர் இல்லை. நான் ஓடிப்போய்க் கொண்டுவந்து, அந்தக் கை போய் நின்ற இடத்திலேயே வைத்தேன். "போடல ஸ்டெல்லா. இதோ போடறேன்" என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். "செத்தும் வுட மாட்டேங்கறா பாரு."

அதன் பிறகு அந்த வீட்டில் தினமும் பாட்டு கேட்கிறது. மாடியில் படித்துக்கொண்டிருக்கும்போது முதலில் ஆன்ட்டியின் குரலும் பின்னால் பாட்டும் வருகின்றன. முன்பு கேட்ட அதே குரல், அதே சத்தம். அங்கிள் பதில் சொல்வதும் சில நேரம் கேட்கும்.

நாளை முப்பதாம் நாள் பூசை. அங்கே கொடுப்பதற்காகத்தான் ஜெரால்டு அண்ணா என்னை இதை எழுதச் சொன்னார். இன்று மாலை அவரும் வந்திருந்தார். அங்கிள் மேசை மேல் இருந்த அந்தத் தட்டை எடுத்து, துணியால் துடைத்து, என் கையில் கொடுத்தார். மைக்கைத் தன் பக்கம் வைக்கச் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"ஸ்டெல்லா, நீ ரிஜெக்ட் பண்ண தட்டு இது. கீறல் கீதுன்ன. கீதும்மா. தடவிப் பாத்தேன், ஒத்துக்கறேன். இருந்தாலும் கேளு."

ஜெரால்டு அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஊசியைக் கையில் பிடித்தேன். அங்கிள் கையை உயர்த்தினார். செங்கல்பட்டு ரயில் ஒன்று வந்து, கடந்து, ஓய்ந்தது. கையை இறக்கப் போனவர் நிறுத்தித் தலையை மேலே தூக்கினார்.

"லைட் எரியுது."

போய் வாருங்கள் ஆன்ட்டி. இந்தப் பாட்டை நீங்களும் கேட்பதற்காக, விளக்கை அணைத்துவிட்டோம்.