முழு உடம்பையும் திருப்பிப் பேசியவர்

வளைகுடாவில், ருவைஸில் நான் ரிக்கர். கிரேன் தூக்கும் இரும்புக்கு வார் கட்டி, அது காற்றில் சுழலாமல் கீழே நின்று கயிறு பிடிப்பவன். கிரேன் டிரைவருக்குக் கை காட்டுகிறவர் ஓர் இங்கிலாந்துக்காரர். அவர் கை உயர்ந்தால் இரும்பு உயரும், முஷ்டி மூடினால் நிற்கும். அந்தக் கையை நம்பித்தான் வீட்டுக்குப் போன் போட்டு, ஒண்ணும் கஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ரூமுக்கு அவரைப் பிடித்துப்போக ஒரே காரணம். மற்ற சூப்பர்வைசர்கள் தோளுக்கு மேலே யல்லா, சீக்கிரம் என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போவார்கள். இவர் அப்படியில்லை. கயிறு பிடிக்கிறவன் கூப்பிட்டாலும் காலை நகர்த்தி, இடுப்பைத் திருப்பி, நெஞ்சை நமக்கு நேராக வைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஸ்டோரில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்து ரூம்மேட், உவர் நல்ல வளர்ப்பில வந்த மனுசன் என்பான். எனக்கும் அதில் ஒரு பெருமை. வெயிலில் உருகும் தாருக்கு நடுவே, ஒருவர் முழுதாகத் திரும்பி என்னைப் பார்க்கிறார்.

கேம்ப்புக்குப் பின்னால் உப்புப் பூத்த தரை. வெள்ளிக்கிழமை விடிந்ததும், சூரியன் கைவைக்கும் முன் ஆடி முடித்துவிடுவோம். டென்னிஸ் பந்துக்குச் சிவப்பு எலெக்ட்ரிக் டேப், ஸ்டம்புக்குக் காலி பெயின்ட் டிரம். ஒருநாள் கையில் டீயோடு வேலியோரம் நடந்துவந்தார். யாரோ அடித்த பந்து அவர் முகத்துக்கு நேராகப் பறந்தது. டீ இடது கைக்கு மாறியது, பந்து வலது கையில் இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அதற்கப்புறம் விடுவோமா? டீ பிரேக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தோம். அவருடைய ஊரில் கவுண்டி என்கிற மாவட்ட அணிக்குக் கிரிக்கெட் ஆடியவராம். ஆறாவது ஆளாக இறங்குவாராம். பாதி ஆட்டத்தை மழை தின்னும். மீதிக்கு, மடியில் கம்பளி போர்த்திய வயசான தம்பதியும் அவர்களுடைய நாயும்தான் கூட்டம். தான் பேட்டோடு இறங்கினால் நாய் தூங்கிவிடும் என்றார். கோடைக்கு மட்டும்தான் கான்ட்ராக்ட். குளிர்காலத்தில் கப்பல் பட்டறையில் கிரேன் வேலை. சில வருஷம் கழித்து, இனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் ஆடியது இப்போது யாருக்கும் நினைவிருக்காதாம்.

டிவியில் வெள்ளை உடுப்பைப் பார்த்து நாங்கள் மனசில் கட்டிவைத்திருந்த பங்களாக்கள் பொத்தென்று விழுந்தன. கிரிக்கெட் ஆடினவனுக்குமா கான்ட்ராக்ட்? யாழ்ப்பாணத்தான் மட்டும் சந்தோஷப்பட்டான். அப்ப எங்கட ஆள்தான் என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரை ஆடக் கூப்பிட்டோம். செய்தி பரவி, மலையாளிகளும் பாகிஸ்தானிகளும் வேலியோரம் குந்திவிட்டார்கள். வலது கையால் போட்டவனை அவர் அடித்த அடியில் பந்து பைப் அடுக்குக்குள் போய்த் தொலைந்தது. அடடா, மணிக்கட்டா அது, கதவுத் தாழ்ப்பாள் மாதிரி அல்லவா திரும்பியது! பிறகு யாழ்ப்பாணத்தான் பந்து போட வந்தான். அவன் இடது கைக்காரன். முதல் பந்து டிரம்மில் டங்கென்றது. விருந்தாளிக்கு முதல் பந்து டிரையல் என்று சிரித்து விட்டுக்கொடுத்தோம். அடுத்ததும் டங். அதற்கடுத்தது அவருடைய இடது தோளில் இடித்தது. பேட் அசையவே இல்லை.

"உங்கட கவுண்டியில கண்ணை மூடிக்கொண்டோ விளையாடுறது?"

தமிழ் தெரியாத வேலி முழுக்கச் சிரித்தது. கீப்பராகப் பின்னால் நின்ற நான் சிரிக்கவில்லை. அவருடைய தலை கழுத்து ஒடிகிற அளவுக்குத் திரும்பிப் பந்தைத் தேடியதைப் பார்த்துவிட்டேன். பந்தை எடுத்து அவருடைய இடது காதோரமாக மெதுவாகத் தூக்கிப் போட்டேன். அது காதைத் தொடாமல் ஒட்டிப் போனது. தலைகூடத் திரும்பவில்லை.

நான் கயிறு பிடிக்கிற இடம் அவருடைய இடது பக்கம்.

ஆட்டம் கலைந்ததும் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். இடது கண் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். கவுண்டியின் கடைசி சீசனிலிருந்து என்றார்.

"அந்த சீசன் முழுக்க இடது கை பவுலர்கள் போட்ட பந்தைப் பார்க்கவே இல்லை, பாய். ஓடிவருகிற சத்தத்தைக் கேட்டுப் பேட்டை வீசினேன். ஆட்டம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்."

இங்கே மெடிக்கலில் எப்படிப் பாஸானீர்கள் என்றேன். ஒரு கண்ணை மூடச் சொன்னார்கள், அப்புறம் மறு கண்ணை என்றார்.

"கையை மாற்றினேன். மூடிய கண்ணை மாற்றவில்லை."

எத்தனை இரும்பு என் தலைக்கு மேல் போயிருக்கும்! அவர் முழுதாகத் திரும்பியதை மரியாதை என்று ரூம் ரூமாகப் போய்ச் சொன்னவன் நான். அவர் என்னைத் தேடியிருக்கிறார்.

"நாளைக்கு இரும்பு தூக்குறது இருக்கு சார். நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

அவர் எழுந்து, டிரம்மை நிமிர்த்தி வைத்துவிட்டு நடந்தார். ரூமில் யாழ்ப்பாணத்தானிடம் சொன்னேன்.

"சொன்னா அவற்ற சோறு போகும். சொல்லாட்டி நீ போவாய், மச்சான்."

மறுநாள் காலை வார் கட்டியாயிற்று. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு என் வழக்கமான இடத்துக்கு நடந்தேன். அவர் சொல்லாவிட்டால் நானே போய்ச் சொல்வதா, கயிற்றைப் போட்டுவிடுவதா என்று அதுவரை முடிவாகவில்லை. டிரைவர் மேலிருந்து அவருடைய கையைப் பார்த்துக் காத்திருந்தான். கை எழவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார், சட்டைப்பையில் போட்டார், சைட் ஆபீஸை நோக்கி நடந்தார். என்ன ஆச்சு என்று தெரியாமலே டிரைவர் கலாஸ், முடிஞ்சது என்று கத்தி இன்ஜினை அணைத்தான். அன்று எதுவும் உயரவில்லை.

அவரை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி கேம்ப் வாசலில் நின்றபோது எங்களிடம் வந்தார். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று வேண்டுமென்றே அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றேன். அங்கிருந்து என்னைப் பார்க்க அவர் கழுத்தைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

காலை நகர்த்தி, இடுப்பைத் திருப்பி, நெஞ்சை எனக்கு நேராக வைத்த பிறகுதான் கையை நீட்டினார்.