எனக்கென்று வாங்கிய பேணி

எங்கள் குடியேற்றத்து வாசிகசாலைக்குள் எங்கள் ஆட்களுக்குக் கதிரை இல்லை. சாதியில் குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நாங்கள் யன்னலுக்கு வெளியே நின்று பேப்பர் வாசிப்பதைக் கேட்போம். அறுபதுகளின் தொடக்கம் அது. உரத்து வாசிப்பவர், வலைக்கு மேலால் பந்தடிக்கிற ஊர்க் கரப்பந்துக் குழுவின் கப்டன். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்து தகப்பனின் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர்.

ஒருநாள் அவர் வாசித்தது தூர தேசத்துச் செய்தி. அங்கே பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டு தடியால் அடிக்கிற ஹொக்கி ஒன்று உண்டாம். வெள்ளைக்காரர் மட்டுமே விளையாடிய பெரிய குழுக்களில் முதல்முறையாக ஒரு கறுப்பரைச் சேர்த்தார்களாம். பார்க்க வந்த சனம் பேசாத பேச்செல்லாம் பேசியும் அவர் விளையாட்டை விடவில்லையாம்.

“அவனல்லோ ஆம்பிளை. கறுப்பெண்டால் என்ன, மனிசன்தானே,” என்றார் உள்ளே இருந்த ஒருவர்.

“நீர் மட்டும் என்ன வெள்ளையோ? சட்டிக் கரி மாதிரி இருந்துகொண்டு.”

சிரிப்பு அடங்கியதும் கப்டன் யன்னலுக்கு வெளியே நின்ற என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீ பொடியளோட எழும்பிப் பந்தடிக்கிறதை வயலுக்கை பாத்தனான். நாளைக்குக் கிறவுண்டுக்கு வா.”

“ஐயா…”

“கிறவுண்டில அண்ணை எண்டு கூப்பிடு.”

மற்ற இடங்களில் எப்படிக் கூப்பிடுவது என்று நான் கேட்கவில்லை.

இப்படித்தான் எங்கள் ஆட்களில் முதலாவதாக நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். இப்போது குழுவில் பாதிப்பேர் எங்கள் பொடியள். “நீங்கள்தான் வழி திறந்தனீங்கள்” என்று அவர்கள் சொல்லும்போது நான் நிலத்தைப் பார்ப்பேன்.

மற்றவர்கள் எல்லாரும் ஒரே மூக்குப்பேணியில், குழல் மூக்கு வைத்த குவளையில், அண்ணாந்து தண்ணீர் குடிப்பார்கள். எனக்குத் தேங்காய்ச் சிரட்டை. கப்டனுக்கு அது பிடிக்கவில்லை. “இவன் எங்கட விளையாட்டுக்காரன். இவனுக்குச் சிரட்டையோ?” என்று சொல்லி, கிளிநொச்சிக் கடையிலிருந்து புது எவர்சில்வர் பேணி ஒன்று வாங்கி வந்து எல்லாருக்கும் முன்னால் தந்தார். கை தட்டினார்கள். நெளிந்துபோன அவர்களுடைய பித்தளைப் பேணியைவிட அது பளபளத்தது. அவர் அதை மரியாதை என்றே நம்பினார். நானும் அப்படி நம்பத்தான் பார்த்தேன்.

பிறகு முரசுமோட்டையில் ஒரு போட்டி. தோற்றால், இவனைச் சேர்த்ததால்தான் என்று சொல்ல ஊரில் ஆட்கள் காத்திருந்தார்கள். வென்றால் குழுவில் எனக்கு இடம் நிலைக்கும். இரண்டு குழுவும் ஒவ்வோர் ஆட்டம் வென்றபின் தண்ணீர் குடிக்க நின்றோம். என் பேணியில் ஊற்றிவிட்டுப் போனார்கள். எதிர்க்குழுவின் நெடிய பொடியன் வியர்வை வழிய என்னிடம் வந்தான்.

“நல்ல அடி மச்சான். பேணியும் நல்ல பேணி. நீர்தானோ கப்டன்?”

நான் வாய் திறக்குமுன் பேணியை வாங்கிக் குடிக்கத் தொடங்கினான். கப்டன் ஓடி வந்தார்.

“தம்பி, அது அவன்ர பேணி.”

“ஓம், குடுக்கிறன்தானே.”

“அதில்லை,” என்று கப்டன் அவன் காதுக்குள் ஏதோ சொன்னார்.

அவன் வாய்க்குள் தண்ணீர் இருந்தது. துப்பவில்லை, விழுங்கினான். என்னைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. நான் அவனை ஏமாற்றிவிட்டேன் என்பது போன்ற பார்வை. பேணியை என் கையில் தராமல் நிலத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தான்.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் எடுக்கவில்லை. ஆனாலும் காது இரண்டும் சுட்டன. நிமிர முடியவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் பந்துக்கு எழும்பும்போதெல்லாம் வலைக்கு அந்தப் பக்கம் அவனுடைய ஈர வாய் தெரிந்தது. அடிக்க ஓங்கிய கை தளர்ந்துவிடும். தோற்றோம்.

“உனக்கு என்னடா நடந்தது? தண்ணி குடிச்சனியோ?” என்று கேட்டார் கப்டன்.

“குடிச்சனான்,” என்றேன். குடிக்கவில்லை.

எல்லாரும் சைக்கிள்களை எடுத்தார்கள். பேணி வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நான் குனிந்து எடுத்தேன்.

கப்டன் என் தோளில் கை போட்டார். “ஒரு தோல்விக்காக உன்னை விடமாட்டன். வாற கிழமையும் வா. பேணியை மறந்துபோடாதை.”

அவர் அன்போடுதான் சொன்னார். “ஓம்” என்றேன். அடுத்த கிழமையும் போனேன், பேணியோடு.