பதினோராவது நிமிடம்

தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கும் மேசையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஊரார் புலம்பலையெல்லாம் கேட்டுத் தேறிய காது என்று எனக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்பில்தான் நாற்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு, குடும்ப ஆலோசனையும் மனித வளர்ச்சியும் என்ற முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும், பேராசிரியை என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். பயிற்சி வகுப்பில் கணவன் மனைவியாக நடித்த இரண்டு பேருக்கு, அவர்கள் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் பெயர் நீதிபதி ஆன்ட்டி.

இரண்டாம் வருஷம், என் மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வரும். மற்ற நேரமெல்லாம் அறைக் கதவு சாத்தியே இருக்கும். பயந்துதான் போனேன், பொய் சொல்வானேன். முன்பின் தெரியாத குடும்பங்களைப் பேசவைக்கப் போகிறவளுக்குப் பெற்ற பிள்ளையின் கஷ்டம் என்னவென்று தெரியவில்லை என்றால், அந்தப் பட்டத்தை வாங்கி என்ன கிழிக்கப் போகிறேன்?

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். சொந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசுவதை இருபது நிமிடம் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் எழுதித் தரவேண்டும். ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டினால் அங்கே ஒரு சாய்கோடு போடவேண்டும். மௌனம் என்றால் எத்தனை விநாடி என்று குறிக்கவேண்டும். எனக்கு ஒரே குஷி. மகளின் மௌனத்தை விநாடிக் கணக்கோடு ஆதாரமாகக் காட்டிவிடலாமே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவர், மகள் இரண்டு பேரிடமும் சம்மதம் வாங்கிச் சாப்பாட்டு மேசையில் போனை வைத்தேன்.

"எல்லாரும் மனசு விட்டுப் பேசுங்க. நான் வெறும் காது மட்டும்தான்," என்று தொடங்கினேன்.

பத்து நாள் கழித்து, நாளைக்குக் கொடுக்கவேண்டும் என்ற நிலையில் எழுத உட்கார்ந்தேன். பக்கம் பக்கமாக நான்தான். கணவரின் பங்கு ஏழு "ம்", ஒரு "தண்ணி குடு". சாய்கோடுகள் அத்தனையும் நான் வெட்டியவை. தாளில் அடைமழை பெய்தது போலிருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பதினோராவது நிமிடத்தில் சிரிப்பு நின்றது.

"அம்மா, நான் இந்தத் தடவ பரீட்சைக்கே போகல," என்றது மகளின் குரல்.

"ஒரு நிமிஷம்டி, இத முடிச்சுக்கறேன். அதாவது, ஒருத்தர் பேசும்போது நம்ம பதில யோசிக்கவே கூடாது. முழுசா கேக்கணும். இதுல அதுதான் முக்கியம்..."

அது நானேதான். இரண்டரை நிமிடம், மூச்சு விடாமல். நான் முடித்ததும் மகள் "சரிம்மா" என்றாள். பிறகு நாற்காலி நகரும் சத்தம்.

நாலு தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த கணவரிடம் ஓடினேன்.

"பரீட்சைக்குப் போகலன்னு சொல்லியிருக்கா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. அன்னைக்கு நம்ம ரெண்டு பேர் முன்னாடியும்தானே சொன்னா."

"அய்யய்யோ, ஏங்க என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீயும் அங்கதானே இருந்த? கேட்டும் கேக்காத மாதிரி போயிட்ட. உன் படிப்புல சொல்லிக் குடுத்த முறையா இருக்கும், நடுவுல பூந்து கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்."

இந்த மனிதர் என் படிப்பின்மேல் வைத்திருந்த மரியாதை அன்றைக்கு உறுத்தியது போல் என்றைக்கும் உறுத்தியதில்லை.

மகளின் அறைக் கதவைத் தட்டினேன். சொல்வதற்குப் பாடப்புத்தகத்திலிருந்து நாலைந்து நல்ல வாசகங்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"பரீட்சைக்குப் போகலன்னு அன்னைக்குச் சொன்னியே, அத இப்பதான்டி கேட்டேன். பதிவுல," என்றேன். "உங்கம்மா ஒரு மண்டு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பரீட்சைக்கு முன்னாடியே, பயமா இருக்குன்னு மூணு தடவ சொன்னேம்மா. அப்பல்லாம் நீ ரெக்கார்ட் பண்ணல."

எதற்குப் பயம், எப்போது சொன்னாய், ஏன் சத்தமாகச் சொல்லவில்லை என்று கேள்விகள் நாக்கு நுனி வரை வந்து முட்டின. விழுங்கினேன். கட்டிலில் கிடந்த புத்தகங்களை அவள் ஓரமாகத் தள்ளி எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். முதல் தடவை சொன்னதை அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.