அம்மாவைப் பெற்றவளின் பெயர்

"என்னைப் பெத்தவவின்ர பெயரை எப்பிடியாவது கண்டுபிடிச்சுச் சொல்லு பிள்ளை," என்று அம்மா கேட்டபோது, டொக்டர் அவவுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் என்று சொல்லியிருந்தார்.

அம்மாவை வளர்த்தது அவவின் சின்னம்மா. பெற்ற தாய் பிள்ளைப்பேற்றோடு போய்விட்டா என்பதற்குமேல் சின்னம்மா ஒரு சொல் சொன்னதில்லை. தீவிலிருந்த எங்கள் மாதா கோயில் சண்டையில் எரிந்தபோது ஞானஸ்நானப் புத்தகங்களும், செத்தவர்களைப் பதியும் அடக்கப் புத்தகங்களும் எரிந்துபோயின. ஆனால் அதற்கு முன்பே யாரோ அவற்றைப் படம் பிடித்திருந்தார்கள். அந்தப் படங்கள் இப்போது இணையத்தில் இருந்தன, பெயரைப் போட்டால் தேடித் தரும் பட்டியலோடு.

இங்கே கனடாவில், அஜக்ஸிலிருந்து வேலைக்குப் போகும் ரெயினில் அம்மாவின் பெயரைப் போட்டேன். இல்லை. தாத்தாவின் பெயரை ஓர் எழுத்தைக் கூட்டி, ஓர் எழுத்தைக் குறைத்து, எத்தனையோ விதமாகப் போட்டேன். இல்லை. லஞ்ச் நேரத்தில் வோஷ்ரூமுக்குள் நின்று அழுதேன். பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மா கண்ணைத் திறப்பா.

"கிடைச்சதோ?"

"இன்னும் இல்லை அம்மா."

சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவா.

ஒன்பதாம் நாள் அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டா. நான் லீவு போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, பட்டியலை மூடிவிட்டு, அவ பிறந்த வருசத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரிந்த இங்கிலிஸ் கையெழுத்து, ஊறிய மை, பூச்சி அரித்த ஓரங்கள். கண் எரிந்தது. மத்தியானம் போல அம்மாவைக் கண்டேன். பட்டியல் செய்தவர் தாத்தாவின் பெயரில் எஸ்ஸை எல் என்று வாசித்திருந்தார். அம்மாவின் பெயரில் கடைசி எழுத்தைப் பிழையாக வாசித்ததில் அம்மா ஆண்பிள்ளையாகியிருந்தா. அந்த வரியில், தாத்தாவின் பெயருக்குக் கீழே, தாயின் பெயர்.

குனிந்து அம்மாவின் காதுக்குள் சொன்னேன். அசைவில்லை. பிந்திவிட்டேன் என்று நினைத்தேன். உரக்கச் சொன்னேன். இன்னொரு தரம் சொன்னேன். உதடு அசைந்தது.

"எத்தினை வயசாம்?"

அடக்கப் புத்தகத்தைத் திறந்து, அதே மாதத்தைத் தேடிப் பிடித்தேன்.

"பத்தொன்பது அம்மா."

எண்பத்துமூன்று வயதுக் கண்ணால் தண்ணீர் வழிந்தது.

"ஐயோ, சின்னப் பிள்ளையெல்லோ."

அடுத்த நாள் அம்மா போய்விட்டா. அடக்கப் பூசையில் இரண்டு பெயரையும் சேர்த்து வாசிக்கும்படி சுவாமியாரைக் கேட்டிருந்தேன். அவர் வாசித்தபோது பின் வரிசை வாங்கில் இருந்த யாரோ, "மற்றது ஆர்?" என்று மெல்லக் கேட்டார்கள்.

நான் திரும்பிச் சொன்னேன், "அம்மான்ர அம்மா."