மெத்தையைப் பார்த்துக்கோ

பிள்ளைப்பாக்கத்தில் புருஷோத்தமன் கட்டியிருக்கிற வீட்டில் வருஷத்துக்கு மூணு மாசம்தான் ஆள் இருக்கும். தை பொறந்தா அவரும் அவர் சம்சாரம் சசிரேகாவும் சிங்கப்பூர் மகன் வீட்டிலிருந்து வருவாங்க. வெயில் ஏறினதும் கிளம்பிடுவாங்க. மீதி ஒன்பது மாசமும் வீடு சந்தனமாரி பொறுப்பு.

சந்தனமாரிக்கு சங்கரன்கோவில் பக்கம். புருஷன் நயினாரோடு கம்பெனி வேலைக்கு வந்தவள். அவருக்கு முதுகு போய், நின்னு வேலை செய்ய முடியாமல் ஊருக்குத் திரும்பிட்டார். மகள் சுகப்பிரியா இங்கே பன்னிரண்டாவது படிக்கிறாள். நடுவில் பள்ளிக்கூடம் மாத்தக் கூடாதுன்னு இவள் தங்கிட்டாள். காலையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, மதியத்துக்கு மேல் இந்த வீடு. சம்பளத்தைவிட கார் ஷெட் பக்கத்தில் கொடுத்த ரூம்தான் அவளுக்குப் பெரிசு. ஒத்தைப் பொம்பளை, வயசுப் பொண்ணைக் கூட்டிக்கினு ரூம் கேட்டுப் போனா நம்ம ஏரியாவில் ஆயிரம் கேள்வி கேட்பான்.

எனக்குப் பக்கத்துல பென்னலூர். பைப் வேலை, தள வேலை செய்யறேன். அந்த வீட்டுக்கு ரிப்பேர்னா நான்தான்.

இந்த வருஷம்தான் சந்தனமாரிக்கு அங்கே முதல் மழைக்காலம். புரட்டாசி கடைசியில் புருஷோத்தமன் போன் போட்டு, மழைக்கு வீட்டைத் தயார் பண்ணச் சொன்னார். ஜன்னல் கொண்டி, சம்ப் மூடி, காய்ஞ்ச தென்னை மட்டைன்னு ஒண்ணொண்ணா சொல்லிட்டுக் கடைசியில், "மெத்தயப் பாத்துக்கோ. ஓட்ட கீட்ட இருந்தா அடைச்சிடு. குப்ப சேர வுடாத. அது போச்சுன்னா வூடே போச்சு" என்றார்.

மனுஷன் சும்மா பேசினாலே அதட்டுற மாதிரி இருக்கும். "சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

பத்து நாள் உழைச்சாள் பாருங்க. பீரோவுக்கெல்லாம் அந்துருண்டை போட்டாள். கேட்டுக்கு கிரீஸ் தடவினாள். ஒரு நாள் அந்த வழியாப் போனேன். பெரிய இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுப் புரட்டிக்கினு இருந்தாள்.

"இன்னாமா, மெத்தைக்குப் போய் இவ்ளோ உபசாரம்?"

"சார் இதத்தான் அழுத்திச் சொன்னாவ அண்ணாச்சி."

நானும் சிரிச்சுட்டு வண்டியை எடுத்துட்டேன்.

ஐப்பசி ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. விடியக்காலம் பிடிச்ச மழை பதினோரு மணிக்கும் விடலை. போன் வந்தது. "அண்ணாச்சி, ஹால்ல ஃபேன் வழியா தண்ணி சொட்டுது. கொஞ்சம் வாங்களேன்."

போய் மேலே ஏறினால் மொட்டை மாடி ஏரியாட்டம் கிடக்குது. தண்ணி இறங்குற பைப் வாய் மூணையும் வாதாம் இலை அடைச்சிக்கினு இருந்தது. முழங்கால் தண்ணியில் நின்னுக்கினு கத்தினேன்.

"மெத்தயப் பாத்தியா இல்லியாமா நீ?"

"பாத்தேன் அண்ணாச்சி! நாலு எடத்துல கிழிஞ்சிருந்தது. தச்சுட்டேன்."

"இன்னாது, தச்சியா?"

"இரட்ட நூலு போட்டு. பிளாஸ்டிக் தாள்ல சுத்திக் கட்டிலு மேலயே வச்சிருக்கேன். ஒரு பொட்டுத் தண்ணி படல."

எனக்கு அப்பதான் விளங்குச்சு. எங்க பக்கம் மெத்தைன்னா மொட்டை மாடி. அவங்க ஊரில் அதுக்குத் தட்டட்டின்னு பேராம். படுக்கிற மெத்தையைப் பார்த்துக்கிட்டா போதும்னு இருந்துட்டாள்.

நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்த மழையிலேயே படியில் உட்கார்ந்துட்டாள். "வீடே போச்சும்பாவளே. ரூமக் காலி பண்ணச் சொல்லிருவாவளா அண்ணாச்சி?"

கோபம் எங்கே போச்சுன்னு தெரியலை எனக்கு. இலையை அள்ளி வெளியே போட்டேன். தண்ணி கடகடன்னு இறங்குச்சு. "காத்துல எல பறந்து வந்து அடைச்சிக்கிச்சுன்னு சொல்லிடு. நான் சாட்சிக்குக் கீறேன்."

"வேண்டாம். பொய்யச் சொல்லிட்டு அந்த ரூம்ல எப்படிப் படுக்க? மார்ச்சுல பரீச்ச முடியுற வரைக்கும் மட்டும் இருந்துக்கிடுதோம்னு கேக்கேன்."

படிக்கட்டு மறைவில் நின்று, புருஷோத்தமனுக்குப் போன் பண்ணி ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை ஒண்ணு விடாமல் சொன்னாள். தச்சது, தாள் சுத்தினது, எல்லாம். அந்தப் பக்கம் சசிரேகாம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "அய்ய, மெத்தயத் தச்சிச்சாங்க அது!"

"சும்மா இருடி" என்றார் அவர். "ஏம்மா, புரியலன்னா கேக்கறதுக்கு இன்னா?"

"நீங்க ஏசுவீயளோன்னு..."

அவர் குரல் இறங்கி வந்தது. "என் பேச்சே அப்பிடித்தாம்மா. இவளே முப்பது வருசமா பயந்துக்கினு கீறா."

"யாரு, நானா?" என்றது சசிரேகாம்மா.

"சார்... அப்ப ரூமு?"

"ரூமுக்கு இன்னா? பாப்பாவ ஒழுங்கா படிக்கச் சொல்லு. சீலிங் தை மாசத்துல பெயிண்ட் அடிச்சிக்கலாம். இனிமே பத்து தபா வேணாலும் கேளு, இன்னா? சரி, தோட்டத்துக் கதவு சாத்திக் கீதா பாரு."

கண்ணைத் துடைச்சுக்கிட்டாள். "தோட்டம்னா என்னது சார்?"

"வூட்டுக்குப் பின்னாலம்மா!"

"சரி சார். சாத்தியாச்சு."

"நடையில மிதியடியத் தூக்கி உள்ள போட்டியா?"

"நடைன்னா எது சார்?"

அவர் நீளமா ஒரு மூச்சு விட்டார். அப்புறம், நம்ப மாட்டீங்க, அந்த மனுஷன் சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி வாசலிலிருந்து ஆரம்பிச்சு வீடு முழுக்க ஒவ்வொரு இடத்துக்கும் பேர் சொல்லிக்கினே போனார். இவளும் ஒண்ணு விடாமல் கேட்டுக்கினே இருந்தாள்.