சைலன்சரில் நின்ற தண்ணீர்

அப்பா இறந்த வருடம் அம்மா அவருடைய மோட்டார் சைக்கிளை ஓட்டப் பழகினார். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் வீட்டிலிருந்து அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் பத்து நிமிட ஓட்டம். போவார், வருவார். வேறெங்கும் போகமாட்டார். கலியாண வீடுகளுக்குக்கூட.

மாரி முடிந்த கையோடு சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. உள்ளே களகளவென்று சத்தம் வேறு. படகு இயந்திரங்கள் திருத்துகிற சித்தப்பா வந்து குனிந்து பார்த்தார்.

"சூடேற முந்தி நிப்பாட்டிறீங்கள் அண்ணி. ஈரம் வெளியால போகாமல் உள்ளுக்கே நிக்குது. இப்பிடியே விட்டா கறல் பிடிச்சு ஓட்டையாப் போம். கிழமைக்கு ஒருக்கா தூர ஓடோணும்."

"எனக்கு ஏலாது தம்பி. நீங்களே கொண்டுபோய் ஓடிப்போட்டுத் தாங்கோ."

"வண்டி ஒரு கைக்குத்தான் பழகும்" என்றார் சித்தப்பா, சிரிக்காமல்.

அப்பாவின் வண்டி ஓட்டையாகிவிடும் என்பதுதான் அம்மாவை அசைத்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எனக்கு ஒன்பது வயது. வழியில் வண்டி நிற்கும்போது சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைப் பிடித்து, ஈரம் படுகிறதா என்று சொல்லும் வேலையைச் சித்தப்பா எனக்குத் தந்திருந்தார். அதை நான் பெரிய உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் கிழமை உப்புவெளியோடு திரும்பிவிட்டோம். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்ததில் அம்மா வண்டியை வீதியோரம் நிறுத்திவிட்டார். அடுத்த கிழமை இன்னும் தள்ளி நிலாவெளி. பிறகு குச்சவெளி. அங்கே அவித்த சோளம் விற்ற பெண்ணோடு அம்மா நின்று நெடுநேரம் கதைத்தார். எனக்கோ வெயிலில் பொறுமை போய்விட்டது.

திரியாய்ப் பக்கம் போன ஞாயிறு, நான் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாக் காய்ஞ்சிட்டுது அம்மா, திரும்புவம்" என்றேன்.

"இன்னும் கொஞ்சத் தூரம் போய்ப் பாப்பமே" என்றார் அம்மா. புல்மோட்டை வரை போய்விட்டுத்தான் திரும்பினோம்.

போன மாதம் என்னுடைய ஸ்கூட்டியிலும் தண்ணீர் சொட்டியது. சித்தப்பா சைலன்சரின் அடியிலிருந்த ஒரு சின்னத் துவாரத்தைக் கம்பியால் குத்திவிட்டார். நின்ற தண்ணீர் முழுதும் ஓடி வந்தது. இரண்டு நிமிட வேலை.

"அம்மாவின்ர வண்டியிலும் இது இருந்ததா?" என்று கேட்டேன்.

"ஓம். அதை நான் குனிஞ்சு பாத்த அண்டைக்கே குத்தி விட்டிட்டன்" என்றார், கையைத் துடைத்தபடி.

அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கூச்சப்படுவார் என்று விட்டுவிட்டேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் என் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.