எங்க வீட்டு உறுமல்கள்

எங்க வீட்டுக்காரரைப் பத்தி இன்டர்நெட்ல யார் யாரோ பக்கம் பக்கமா எழுதறாங்க. ஆல்பத்துக்கு ஆல்பம் அவர் பாணியை மாத்தறதுக்குப் பின்னாடி பெரிய தத்துவம் இருக்காம். தத்துவமாவது மண்ணாங்கட்டியாவது. கூடவே குடித்தனம் பண்றவ நான் இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பகல்ல அவர் பல்செட்டு செய்யறவர். ஒரு பல் ஆஸ்பத்திரியோட பின்னறையில உட்கார்ந்து, டாக்டர் எடுத்த அச்சுல பிளாஸ்டரை வார்த்து, மெழுகுல ஈறு கட்டி, பல்லை ஒண்ணொண்ணா உட்கார வெச்சு ராவுவார். வீட்டுக்கு வரும்போது மீசையெல்லாம் வெள்ளைப் பொடி. அதிர்ந்து பேசத் தெரியாது. அழுகின தக்காளியைக் கடைக்காரர் தலையில கட்டினாலும் வாங்கிட்டு வந்துடுவார். ஆனா குளிச்சிட்டு, கட்டில் போக மிச்சம் இருக்குற இடத்துல நின்னு கிட்டாரை மாட்டினார்னா ஆளே வேற. மெட்டல் பாட்டு, கிட்டார் இடி மாதிரி முழங்க உறுமிப் பாடற ரகம். அடிவயித்துலேருந்து ஒரு உறுமல் வரும் பாருங்க, கல்யாணமான புதுசுல நான் பயந்து சமையல்கட்டுல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டவ.

முதல் ஆல்பம் பேய் வேகம். ஏன்னு கேட்டா, கீழ்வீட்டுக்காரங்க வேலையிலேருந்து வர்றதுக்குள்ள பாடி முடிக்கணும், அதான். அடுத்தது ஆமை மாதிரி நகரும். குளியலறையில வழுக்கி விழுந்து மணிக்கட்டுல கட்டு போட்டிருந்த சமயம், விரல் அவ்வளவுதான் ஓடுச்சு. அதுக்கப்புறம் வந்ததுல கத்தலே கிடையாது, வெறும் கிசுகிசுப்பு. எங்க பொண்ணு கைக்குழந்தை, அரும்பாடுபட்டுத் தூங்க வெச்சிருந்தேன். உறுமினா உங்க கிட்டாரு அடுப்புக்குள்ள போகும்னு சொன்னது நான்தான். அதைப் போய் 'ஆன்மாவின் மௌனம்'னு ஒருத்தர் எழுதியிருந்தார்.

வேகத்தை ரசிச்சவங்க மௌனத்தைத் திட்டினாங்க, மௌனத்தை ரசிச்சவங்க வேகத்தைத் திட்டினாங்க. இவர் கோவிச்சுக்கல. "ஒருத்தர் வாய்க்குச் செஞ்ச பல்செட்டு இன்னொருத்தர் வாயில நிக்குமா? அந்தந்த நேரத்துக்கு அது அது"ன்னுட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போயிடுவார்.

அவரோட அப்பா, எங்க மாமா, காய்கறி மார்க்கெட்ல ஏலம் விட்டவர். மைக் இல்லாமலே கடைசி வரிசை மூட்டைக்காரன் வரைக்கும் குரல் போகும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு அவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கணும். மகன் பாட்டைக் கேட்டா, "ஏம்மா, இது பாட்டா, வயித்து வலியா?"ன்னு என்கிட்ட கேப்பார்.

அந்த மனுஷனுக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. கையும் காலும் ஒரு மாதிரி தேறிடுச்சு, பேச்சு மட்டும் வரல. ஒரு நாள் தண்ணி கேக்க வாயைத் திறந்தார். சொல் வராம கரகரன்னு ஒரு சத்தம் வந்துச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தை அலறிக்கிட்டு ஓடிடுச்சு. அன்னிக்கு மூடின வாய்தான். யாராவது பார்க்க வந்தா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா கெஞ்சிப் பார்த்தாங்க, நான் கரடியா கத்திப் பார்த்தேன், அசையல. "சத்தம் எப்படி வந்தாலும் பரவாயில்ல, வரணும். இப்ப விட்டுட்டா அப்புறம் பேச்சு திரும்பறது ரொம்பக் கஷ்டம்"னு அந்த அம்மா வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் குரல் இல்லாத மாமாவை எனக்கு நினைச்சுப் பார்க்கவே முடியல.

அப்பாவைத் தனியா விட மனசில்லாம இவர் கிட்டார், மைக், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மாமா ரூமுக்கே கொண்டு போனார். ஒரு ஞாயித்துக்கிழமை ஒரே உறுமலைத் திரும்பத் திரும்பப் பதிவு பண்றார், திருப்தியில்ல, அழிக்கிறார், மறுபடி உறுமறார். மாமா தலையணையால காதை மூடினார். முறைச்சார். கடைசியில பொறுமை போய், நிறுத்துடான்னு சொல்ல வந்தவர் வாயிலேருந்து நீளமா ஒரு கர்ஜனை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிடுச்சு.

இவர் ஹெட்போனைக் கழட்டிட்டுக் கட்டில் பக்கம் வந்தார். "அப்பா, இந்தச் சத்தத்துக்குத்தான் நான் இத்தனை வருஷமா தொண்டையைப் புண்ணாக்கிக்கிட்டு இருக்கேன். இன்னொண்ணு குடுங்கப்பா."

கிண்டல் பண்றானோன்னு மாமா அவர் முகத்தையே பார்த்தார். இவருக்குக் கிண்டல் எங்க தெரியும்? பதிவானதைப் போட்டு, ஹெட்போனை அப்பா காதுல மாட்டினார். மாமா கேட்டார். கேட்டு முடிச்சிட்டு மெதுவா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கிட்டு, இன்னொண்ணு விட்டார்.

அப்புறம் தினமும் இதே கூத்துதான். அப்பா உறுமுவார், மகன் கிட்டார்ல பதில் சொல்லுவார். அப்பாவுக்கு மூச்சு வாங்கினா பாட்டும் நிக்கும். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பேச்சுப் பயிற்சின்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு இறங்கிப் போனார். பயிற்சி கொடுக்குற அம்மா வந்தப்போ மாமா வாயை மூடல. ஆ, ஓ, ம் எல்லாம் தனித்தனியா வருதேன்னு அவங்களுக்கு ஆச்சரியம். வீட்ல என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. அதை மட்டும் கேக்காதீங்கன்னு டீயைக் கொடுத்து அனுப்பிட்டேன்.

மாமாவோட உறுமலையே பாட்டா வெச்சு ஆல்பம் வெளியே வந்துச்சு. வழக்கம்போல அடிதடி. வேகமும் இல்ல, மௌனமும் இல்ல, இவனுக்கு என்ன ஆச்சுன்னு பாதிப் பேர். மாமா காலையில டீ குடிச்சிக்கிட்டிருந்தப்போ நான் பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணொண்ணா வாசிச்சுக் காட்டினேன். ஒருத்தர் எழுதியிருந்தார்: "யார் இந்தப் புதுப் பாடகர்? பழைய ஆள் இவர்கிட்ட வந்து கத்துக்கணும். இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை."

மாமா டீ டம்ளரைக் கீழே வெச்சார். உதடு கோணிச்சு, நடுங்குச்சு. அவசரப்படாம அடியிலேருந்து இழுத்து இழுத்துக் கொண்டு வந்தார்.

"திரும்...பப் படி."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, முதல் வரியிலேருந்து நல்லா சத்தமா படிச்சேன்.